கேமரா போடாத பின்பெஞ்ச்

நூலகத்தின் இளைஞர் பிரிவைப் பார்த்துக்கொள்பவரை எல்லாரும் 'மிஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியவர் அல்ல. ஆனால் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வரும் பிள்ளையை ஏற இறங்கப் பார்த்து, "நடுவுல எதையும் கிழிக்கலையே?" என்று கேட்கும் தோரணைக்கு அந்தப் பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

எதையும் எடுத்த எடுப்பில் நம்புவது மிஸ்ஸுக்கு வராது. கடையில் காய் நிறுத்தால் கடைக்காரரின் விரல் தராசில் படுகிறதா என்று பார்ப்பார். வீட்டைப் பூட்டிப் படியிறங்கிய பிறகு மறுபடி மேலே போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். அவருடைய கணவர் பல் மருத்துவர்களுக்குப் பல்செட் செய்து கொடுப்பவர். "நான் செய்யற பல்லு பொய்ப் பல்லுன்னு ஊருக்கே தெரியும். இவளுக்கு வாயில முளைச்ச பல்லு மேலயும் சந்தேகம்" என்பார். மிஸ் அதற்குச் சிரிக்க மாட்டார்.

சனிக்கிழமைதோறும் பிற்பகலில் அவர் நடத்திவந்த வாசிப்பு வட்டத்துக்கு ஒரு காலத்தில் நாற்காலி பற்றாது. பதின்வயதுப் பிள்ளைகள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரே நாவலைப் பற்றித் தொண்டை வற்றச் சண்டை போடுவார்கள். பிறகு டியூஷன், விளையாட்டுப் பயிற்சி, செல்போன் என்று ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒரு சனிக்கிழமை மூன்றே பேர் வந்தார்கள். அதிலும் ஒருவன் மழைக்கு ஒதுங்கியவன்.

தலைமை நூலகர் அவரை அறைக்குக் கூப்பிட்டார்.

"பசங்க இங்க வரலைன்னா, பசங்க இருக்கிற இடத்துக்கு நாம போவோம். ஆன்லைன்ல நடத்துங்க."

"ஆன்லைன்ல யார் வர்றாங்க, யார் போறாங்கன்னு எப்படி சார் தெரியும்?"

"எல்லாம் போகப்போகப் பழகிடும். கணினிப் பிரிவுல கேட்டுக்குங்க."

கணினிப் பிரிவில் இருந்தவருக்கு வயது நாற்பதைத் தொட்டிருந்தது. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அலுவலகத்தில் அவருக்குப் பெயரே 'கணினி'. மிஸ்ஸை வாய் நிறைய 'அக்கா' என்று கூப்பிடுவார். வீடியோ கூட்டத்தைத் திறப்பது, இணைப்பை அனுப்புவது, மற்றவர்களின் மைக்கை மூடுவது என்று ஒவ்வொன்றாகப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.

"அக்கா, உங்க மைக் மூடியிருக்கு."

"அப்ப இவ்வளவு நேரம் நான் யார்கிட்ட பேசினேன்?"

"உங்ககிட்டயேதான் பேசிட்டிருந்தீங்க."

'சுவர்' என்று ஒன்றையும் காட்டினார். அது திரையில் ஒரு வெற்றுப் பக்கம். பிள்ளைகள் அவரவர் வீட்டிலிருந்தே சின்னச் சின்னக் குறிப்புகள் எழுதி அதில் ஒட்டலாம். யார் எழுதியது, எந்த நேரத்தில் எழுதியது என்பது குறிப்பின் அடியிலேயே தெரியும். அந்த அடிவரி மட்டும் மிஸ்ஸுக்கு உடனே பிடித்துப்போனது.

முதல் கூட்டத்தில் பிள்ளைகளுக்குத் தெரிந்தது மிஸ்ஸின் நெற்றியும் மேலே சுழன்ற மின்விசிறியும்தான். புத்தகத்தின் அட்டையைக் காட்டுவதாக நினைத்து அவர் தன்னுடைய கைபேசித் திரையையே காட்டிவிட்டார். 'மேல் பல் ரெடி. கீழ்ப் பல் நாளைக்கு' என்று கணவர் அனுப்பிய செய்தி பெரிய எழுத்தில் எல்லார் வீட்டிலும் தெரிந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மிஸ்ஸுக்கு மானம் போய்விட்டது. ஆனால் அந்தச் சிரிப்பு எப்படியோ வெளியே பரவி, அடுத்த வாரம் கூட்டம் இரட்டிப்பாகிவிட்டது.

சொந்தப் பெயரில் பேசப் பலருக்குக் கூச்சமாக இருந்தது. "பட்டப்பேர் வெச்சுக்க விடுங்க அக்கா. அப்பதான் வாயைத் திறப்பாங்க" என்றார் கணினி. அரை மனதோடு மிஸ் ஒப்புக்கொண்டார். நெட்டை வந்தான், தூக்கம் வந்தாள், அரைபிளேடு வந்தான். பழைய வட்டத்திலேயே விடாமல் வந்துகொண்டிருந்த பத்தாம் வகுப்புப் பெண் 'சுருட்டை' என்று தன் தலைமுடியையே பெயராக வைத்துக்கொண்டாள். கேமராவைப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் திரையில் பாதி அவள் முடிதான்.

பின்பெஞ்ச் எப்போது வந்து சேர்ந்தது என்று மிஸ்ஸுக்குச் சரியாகத் தெரியவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் கறுப்புக் கட்டமாக அந்தப் பெயர் இருக்கும். கேமரா போடாது, பேசாது. பழைய பிள்ளைகளில் யாரோ வேறு பெயரில் வந்திருக்கிறார்கள் என்று மிஸ் விட்டுவிட்டார். அந்த மாதம் படித்த நாவல்தான் அவரை நிமிர்ந்து உட்கார வைத்தது.

அது வீட்டை விட்டுச் சொல்லாமல் கிளம்பிப் போகும் ஒரு பெண்ணின் கதை. விடியுமுன் அவள் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு நடக்கிறாள். சுவர் முழுக்க அவளைப் பாராட்டித்தான் எழுதியிருந்தார்கள். 'செம தைரியம்' என்றாள் தூக்கம். 'அந்த அம்மாதான் வில்லி. கொடுமைக்காரி' என்றான் நெட்டை. அதன் கீழே பின்பெஞ்ச் ஒரு குறிப்பை ஒட்டியிருந்தது.

'முதல் அத்தியாயத்தில் அந்தக் கதவு கிறீச்சிடும் கதவு என்று எழுதியிருக்கிறார்கள். கடைசியில் சத்தம் வரவில்லை. யாரோ கீலுக்கு எண்ணெய் விட்டிருக்க வேண்டும். அந்தப் பெண் விட்டதாகக் கதையில் இல்லை. அவள் போகப்போவது அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம்.'

மிஸ் அதை மூன்று தடவை படித்தார். புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். கிறீச்சிடும் கதவு இருந்தது. அந்த நாவலை அவர் எத்தனையோ பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுத்திருக்கிறார். அந்தக் கீல் ஒரு நாளும் அவர் கண்ணில் பட்டதில்லை. அன்றைய கூட்டத்தில் வேறு பேச்சே இல்லை. "பின்பெஞ்ச் இன்னும் என்ன நினைக்கிறீங்க?" என்று மிஸ் இரண்டு முறை கேட்டார். கறுப்புக் கட்டம் பேசவில்லை. பிள்ளைகள் பேசித் தீர்த்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் சந்தோஷம் வடிந்து சந்தேகம் ஊறத் தொடங்கியது. பிள்ளைகள் எழுதுவதில் பாதி வார்த்தை இருக்காது, மீதி பொம்மை முகங்கள். இதுவோ வரிக்கு வரி முற்றுப்புள்ளி வைக்கிறது. எந்தப் பதினைந்து வயசு கதவுக் கீலைப் பற்றி யோசிக்கும்? மிஸ் குறிப்புகளின் அடியில் இருந்த நேரங்களைப் பார்த்தார். பின்பெஞ்ச் எழுதியதெல்லாம் வேலை நாளில், பள்ளிக்கூடம் நடக்கிற நேரத்தில்.

பிள்ளைகளின் கூட்டத்துக்குள் பெரிய ஆள் எவனோ புகுந்துகொண்டு பிள்ளை போல நடிக்கிறான்.

வெளியேற்றிவிடலாம். ஆனால் வெளியேற்றினால் வேறொரு பெயரில் வருவான். அப்போது அடையாளம்கூடத் தெரியாது. கண்ணெதிரே வைத்துக்கொண்டே ஆளைப் பிடிக்க வேண்டும் என்று மிஸ் முடிவு செய்தார். காலை, மதியம், மாலை என்று சுவரைத் திறந்து திறந்து பார்த்தார்.

பின்பெஞ்சின் குறிப்புகள் மெல்லச் சுருட்டையின் பக்கம் சாய்வது அவருக்குப் புலப்பட்டது. ஒருநாள் சுருட்டை எழுதியிருந்தாள்: 'என் அம்மாவுக்கு நான் பேசுற எதுவும் புரியாது. ஜிப்பு, பட்டன், ஆள்டரேஷன், இதான் அவங்க உலகம்.' பின்பெஞ்ச் கேட்டிருந்தது: 'நீ சொல்லிப் பார்த்தாயா?' சுருட்டை: 'சொன்னா சந்தேகமாப் பார்ப்பாங்க.' அதற்குப் பின்பெஞ்சிடமிருந்து பதில் வரவில்லை.

அந்த வாரம் சுருட்டை புத்தகம் திருப்பிக் கொடுக்க நூலகத்துக்கு வந்தாள். கழுத்தில் துணியைச் சுற்றியிருந்தாள், கண் சிவந்திருந்தது.

"என்ன ஆச்சு?"

"காய்ச்சல் மிஸ். ஸ்கூலுக்கே போகல. வீட்ல இருந்தா மாமா தொல்லை. கால் உடைஞ்சு எங்க வீட்ல வந்து படுத்திருக்கார். எப்பப் பாரு என் போனைக் கேக்குறார்."

கவுண்டரில் அப்போது மிஸ்ஸையும் கணினியையும் தவிர வேறு யாரும் இல்லை. "உடம்பைப் பார்த்துக்கம்மா" என்று கணினிதான் சொன்னார்.

மறுநாள் சுவரில் பின்பெஞ்ச்: 'சுருட்டைக்குக் காய்ச்சல் விட்டதா?'

கீழே சுருட்டை: 'எனக்குக் காய்ச்சல்னு உனக்கு யார் சொன்னா???'

மிஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்பெஞ்சின் கேள்வி சுவரிலிருந்து மறைந்தது. எழுதியவரே எடுத்துவிட்டார். மிஸ் மெதுவாகத் தலையைத் திருப்பிக் கணினிப் பிரிவைப் பார்த்தார். கணினி சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் கிறீச்சிடும் கதவு நாவலைப் படித்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு மிஸ்ஸுக்கு எல்லாமே அந்தப் பக்கமாகவே கை காட்டியது. பட்டப்பெயர் யோசனை யாருடையது? கணினியுடையது. எல்லாருடைய இணைப்பும் யார் கையில்? கணினி கையில். மிஸ் பக்கத்தில் போனால் திரையில் எதையோ சட்டென்று மூடுகிறாரே, அது ஏன்? இத்தனை வருஷம் 'அக்கா, அக்கா' என்றதுகூட இப்போது வேறு மாதிரி காதில் விழுந்தது.

வீட்டில் கணவரிடம் சொன்னார். அவர் மெழுகுப் பல் ஒன்றைச் சுரண்டிக்கொண்டே கேட்டார், "அவன்கிட்டயே கேட்டியா?"

"கேட்டா உஷாராயிடுவான்."

"இல்லைன்னா?"

"இல்லைன்னா என்ன?"

"அவன் இல்லைன்னா என்ன பண்ணுவே?"

மிஸ் எழுந்து வாசல் பூட்டை இழுத்துப் பார்க்கப் போனார். அடுத்த நாளே தலைமை நூலகரிடம் போய்ச் சொன்னார். தலைமை நூலகருக்கு முகம் மாறிவிட்டது. கணினியை வரவழைத்து, சுற்றி வளைக்காமல் கேட்டார். கணினி முதலில் விளங்காமல் விழித்தார். விளங்கியதும் மிஸ்ஸைப் பார்த்தார். மிஸ் மேசையைப் பார்த்தார்.

"நான் அந்த நாவலைப் படிச்சது, அக்கா அவ்வளவு பேசினாங்களேன்னுதான் சார்" என்றார்.

"இவங்க பக்கத்துல வந்தா ஸ்கிரீனை மூடுறீங்களாமே?"

கணினி போய் மடிக்கணினியை எடுத்து வந்து மேசையில் திறந்து வைத்தார். பெண்களின் படங்கள், பக்கத்தில் வயது, படிப்பு, வேலை. வரன் பார்க்கும் தளம். சில படங்களுக்குக் கீழே 'விருப்பமில்லை' என்று வந்திருந்தது.

"இதைத்தான் சார் மூடுவேன்" என்றார். "சொன்னா எல்லாரும் சிரிப்பாங்கன்னு."

யாரும் சிரிக்கவில்லை. மிஸ்ஸுக்குத் தரை பிளந்தால் நன்றாக இருக்கும் போலிருந்தது. வராந்தாவில் அவர் பின்னாலேயே போனார்.

"தப்பா நினைச்சுட்டேன் தம்பி. பிள்ளைங்க விஷயமாச்சே..."

"சந்தேகப்பட்டது தப்பில்ல மேடம்" என்றார் கணினி. "ஆனா என்னைக் கேட்டுட்டு அப்புறம் சார்கிட்ட போயிருக்கலாம்."

மேடம். அந்த ஒரு சொல் மிஸ்ஸைச் சுருக்கென்று குத்தியது.

ஆனாலும் வேலை விஷயத்தில் கணினி கணக்குத் தீர்க்கவில்லை. அன்று மாலையே மிஸ்ஸின் மேசைக்கு வந்து, நின்றபடியே சொன்னார்: "சனிக்கிழமை எல்லாரையும் ஆளுக்கு ஒரு பத்தி சத்தமா வாசிக்கச் சொல்லுங்க. மைக்கைத் திறக்கச் சொல்லி இங்கேருந்து ஒரு கோரிக்கை அனுப்பலாம். புதுசாப் பழகுறவங்க யோசிக்காம 'சரி'யை அமுக்கிடுவாங்க. நானும் பக்கத்துல இருக்கேன்."

சனிக்கிழமை வந்தது. நெட்டை வாசித்தான். தூக்கம் கொட்டாவியோடு வாசித்தாள். சுருட்டை காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி நன்றாகவே வாசித்தாள். அவள் பாதியில் இருக்கும்போதே மிஸ் பின்பெஞ்சுக்குக் கோரிக்கையை அனுப்பினார்.

கறுப்புக் கட்டத்தில் மைக் திறந்தது.

யாரும் பேசவில்லை. ஆனால் சுருட்டையின் குரல் இரண்டாகிவிட்டது. அவள் ஒரு வார்த்தை சொன்னால், சற்றுத் தள்ளி, கதவுக்குப் பின்னாலிருந்து வருவது போல அதே குரல் அதே வார்த்தையைச் சொன்னது. கூடவே கடகடவென்று ஏதோ இயந்திரம் ஓடி நின்றது. பிறகு காதைக் கிழிக்கும் ஒரு கீச்சொலி. பின்பெஞ்ச் கூட்டத்திலிருந்து காணாமல் போனது.

"யார் வீட்லயோ எக்கோ அடிக்குது" என்றாள் சுருட்டை, சலித்துக்கொண்டு. பிள்ளைகள் சிரித்தார்கள்.

மிஸ் தன் மைக்கை மூடிவிட்டுக் கணினியைப் பார்த்தார். கணினியின் முகம் இறுகியிருந்தது.

"அந்தப் பொண்ணு குரல் இன்னொரு போன் வழியா வருது மேடம். ரெண்டு போனும் ஒரே வீட்ல இருக்கு."

மிஸ்ஸுக்கு அந்த மாமா நினைவுக்கு வந்தார். கால் உடைந்து படுத்திருக்கும் மாமா. எப்போது பார்த்தாலும் போனைக் கேட்கும் மாமா. ஒரே கூரையின் கீழே இருந்துகொண்டு அந்தப் பெண்ணிடம் வேறொருவனாகப் பேசிக்கொண்டிருக்கிறான்.

திங்கட்கிழமை சுருட்டை பள்ளியில் இருக்கும் நேரமாகப் பார்த்து மிஸ் அந்த வீட்டுக்குப் போனார். இந்த முறையும் தலைமை நூலகரிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் யார் மேலும் பழி சொல்லவில்லை; நேரில் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மட்டும் சொன்னார். மூன்றாம் மாடி. படிக்கட்டில் யாரோ சைக்கிளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். கதவில் 'துணி ஆள்டரேஷன் செய்யப்படும்' என்று எழுதிய அட்டை தொங்கியது.

கதவைத் திறந்தவள் சுருட்டையின் அம்மா. முடி அதே சுருட்டை. இறுக்கி முடிந்து வைத்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா. மிஸ்ஸைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிப்போனது. மிஸ் அதைக் கவனித்தார், ஆனால் தப்பாகக் கணக்குப் போட்டார்: தம்பியின் லட்சணம் இவளுக்கும் தெரியும் போலிருக்கிறது.

கூடத்தில் சோபா முழுக்க மாமா. மாவுக்கட்டுப் போட்ட கால் ஒரு ஸ்டூல் மேல் இருந்தது. கையில் போன்.

"வாங்க மேடம். பேன்ட்டு சுருக்கணுமா?"

"இல்ல. லைப்ரரியில இருந்து வர்றேன்." மிஸ் நாற்காலியில் உட்காராமலே கேட்டார், "உங்க மருமகளோட போனை அடிக்கடி கேப்பீங்களாமே?"

"என் போன்ல டேட்டா ஒரு மணி நேரத்துல தீர்ந்துடுது. மேட்ச் பாக்கணும்ல."

"பின்பெஞ்ச்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியாம என்ன? ஸ்கூல்ல எனக்கு அதான் நிரந்தர இடம்." அவர் வாய் கொள்ளாமல் சிரித்தார். "ஏன் மேடம், லைப்ரரியிலயும் பெஞ்ச் போட்டிருக்கீங்களா?"

மிஸ் அந்த முகத்தை உற்று உற்றுப் பார்த்தார். அதில் கதவுக் கீலுக்கு இடமே இல்லை. அந்த நேரத்தில் பின்னாலிருந்து, "மிஸ், கொஞ்சம் இப்படி வர்றீங்களா?" என்று அந்த அம்மா கூப்பிட்டாள்.

உள்ளறையில் தையல் இயந்திரம். சுற்றிலும் பெயர்ச் சீட்டு குத்திய பேன்ட்டுகள். இயந்திரத்தின் மேலே நூல்கண்டில் சாய்த்து ஒரு போன். அதன் பக்கத்தில் நூலக முத்திரை குத்திய ஒரு நாவல், தைப்பதற்கு வைத்திருந்த துணியாலேயே பாதி மூடியிருந்தது. போனையும் புத்தகத்தையும் பார்த்த பிறகு மிஸ்ஸுக்குக் கேட்க எதுவும் இல்லை. அவர் தையல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நீங்களா?"

"சந்தேகப்பட்டுத்தான் மிஸ் உள்ள வந்தேன்" என்றாள் அவள். "சனிக்கிழமையானா கதவைச் சாத்திக்கிட்டுச் சிரிக்கிறா. கேட்டா 'புக் படிக்கிறோம்'ங்கிறா. புக் படிச்சா யாராவது அப்படிச் சிரிப்பாங்களா? எவனோ இருக்கான்னு நினைச்சேன். அவ குளிக்கப் போனப்ப அந்த லிங்க்கை என் போனுக்கு அனுப்பிக்கிட்டேன்."

"சரி, வந்து பார்த்தீங்க. தப்பா ஒண்ணுமில்லைன்னு தெரிஞ்சது. அப்புறம் ஏன் போகல?"

"நெட்டைன்னு ஒரு பையன் அந்தக் கதையில வர்ற அம்மாவை வில்லின்னான். எனக்குப் பொறுக்கல. பதில் சொல்லணும்னா புக்கைப் படிக்கணுமே. அவ ஸ்கூலுக்குப் போனதும் எடுத்துப் படிச்சேன். வேலை கெட்டுது. வாடிக்கைக்காரங்க திட்டினாங்க. படிச்சு முடிச்சேன்." அவள் அளவு நாடாவைக் கழற்றிக் கையில் சுற்றினாள். "ஸ்கூல்ல நான் கடைசி பெஞ்ச். ஒரு டீச்சர் என்னைக் கேள்வி கேட்டது கிடையாது. நீங்க அன்னைக்கு, 'பின்பெஞ்ச் இன்னும் என்ன நினைக்கிறீங்க'ன்னு கேட்டீங்க. அதுக்கப்புறம் எனக்கு ஒரு ஜிப்பு நேராத் தைக்க வரல மிஸ்."

மிஸ் துணியை விலக்கி அந்த நாவலின் அட்டையைத் தடவினார். இருந்தாலும் அவர் மிஸ்.

"உங்களைப் பத்தி உங்க பொண்ணு எழுதினதையும் படிச்சீங்க."

"படிச்சேன்."

"வேற யாரோ மாதிரி அவகிட்டயே கேள்வியும் கேட்டீங்க."

"கேட்டேன். அங்கதான் தப்புப் பண்ணேன். அவ பதிலைப் பாத்ததும் போனைத் தூக்கி எறிஞ்சுட்டேன். மறுபடி நானே போய் எடுத்தேன். காய்ச்சல் விட்டுதான்னு நேர்ல கேட்டா அவ வாயே திறக்கல, அதான் அங்கயும் கேட்டேன்."

"நீங்க நல்லவங்கங்கிறது எனக்குத் தெரியும். ஆனா இதே வழியில கெட்டவன் ஒருத்தன் வந்திருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது. உங்களை உள்ள வெச்சுக்க முடியாதும்மா."

"தெரியும் மிஸ்."

"அவகிட்ட நீங்களேதான் சொல்லணும். வர்ற சனிக்கிழமைக்குள்ள. நீங்க சொல்லலைன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும்."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கூடத்திலிருந்து மாமா, "அக்கா, டீ போடறியா, மேடத்துக்கும் சேர்த்து?" என்று குரல் கொடுத்தார். மிஸ் டீ குடிக்காமல் இறங்கினார். படியில் பாதியில் நின்றுவிட்டார். தனக்கு ஒரு மகள் இருந்து, கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தால் தான் என்ன செய்திருப்போம் என்று ஒரு கேள்வி வந்தது. பதில் தெரிந்ததால் அதற்கு மேல் யோசிக்காமல் நடையைக் கட்டினார்.

அந்தச் சனிக்கிழமை சுருட்டை வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. அம்மா போனில் அழுதாள். சொன்னாளாம். மகள் கத்தவில்லை, ஒரு தட்டைக்கூட உடைக்கவில்லை. "ஓ" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டாளாம். அதிலிருந்து உப்பு வேண்டும், தண்ணீர் வேண்டும் என்பதைத் தவிர வீட்டில் பேச்சில்லையாம்.

மிஸ் கணினியின் உதவியோடு வாசலை இறுக்கினார். இனி ஒருமுறையாவது நூலகத்துக்கு நேரில் வந்து முகத்தைக் காட்டியவர்களுக்குத்தான் அனுமதி. பிள்ளைகளிடம் உண்மையையும் சொன்னார், யாரென்று மட்டும் சொல்லாமல்: பின்பெஞ்ச் பெரியவர், அவரால் ஆபத்து எதுவும் இல்லை, ஆனால் இனி வரமாட்டார்.

"அதான் முற்றுப்புள்ளி வெச்சுது!" என்றான் அரைபிளேடு.

"பெரியவங்கன்னா என்ன, கீலைக் கண்டுபிடிச்சாங்கல்ல?" என்றான் நெட்டை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் அந்த அம்மாவை வில்லின்னு சொன்னது அவங்களுக்குக் கோபமா மிஸ்?" என்று கேட்டான். மிஸ் மைக் மூடியிருப்பது போல நடித்தார்.

தேர்வு முடிந்த ஒரு பிற்பகலில் சுருட்டை நூலகத்துக்குள் வந்தாள். நேரே மிஸ்ஸின் மேசைக்கு வந்து நின்றாள். முடியை இறுக்கி முடிந்திருந்தாள்; அச்சாக அம்மா.

"மிஸ், ஒண்ணு கேக்கணும். பொய் சொல்லக் கூடாது."

"கேளு."

"அந்தக் கீல், அது இதெல்லாம் நீங்கதானே எங்கம்மாவுக்கு எழுதிக் குடுத்தீங்க?"

ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவரைப் பார்த்து ஒருவர் இப்படிக் கேட்பது இதுதான் முதல் தடவை.

"நான் ஏன் எழுதிக் குடுக்கணும்?"

"எங்கம்மா அப்படியெல்லாம் யோசிக்க மாட்டாங்க. எனக்குத் தெரியும்."

"அந்தப் புக்கை நான் எத்தனையோ தடவை படிச்சிருக்கேன். அந்தக் கீல் என் கண்ணுல பட்டதே இல்ல. எனக்கு வெக்கமா இருக்கு, ஆனா அதான் நிஜம்."

சுருட்டை அவர் முகத்தை ஏற இறங்கப் பார்த்தாள். நம்பியதாகத் தெரியவில்லை. விறுவிறுவென்று அலமாரிகளுக்கு நடுவே போனாள். நெடுநேரம் கழித்து, வட்டத்தில் யாரும் இதுவரை தொடாத ஒரு தடித்த நாவலோடு திரும்பி வந்தாள். அண்ணன் தங்கையிடம் சொல்லாமல் குடும்பச் சொத்தை விற்றுவிட, இருவரும் பிரிகிற கதை அது.

"இதை அவங்ககிட்ட குடுக்கப் போறேன். படிக்கிறாங்களா பார்க்கலாம். நீங்க போன் பண்ணி எதுவும் சொல்லிக் குடுக்கக் கூடாது."

"பண்ண மாட்டேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

கவுண்டரில் இருந்த கணினி புத்தகத்தைப் பதிவு செய்து கொடுத்தார். அவள் போனதும், "இன்னும் நம்பல போலிருக்கே மேடம்" என்றார். மிஸ்ஸை அவர் இப்போதும் மேடம் என்றுதான் கூப்பிடுகிறார். மிஸ் அதைத் திருத்தச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற சொல் இல்லையே அது.

புத்தகத்தைத் திருப்பித் தரவேண்டிய கெடு முடியப்போகும் சமயத்தில் அம்மாவும் மகளும் சேர்ந்து வந்தார்கள். சேர்ந்து என்றால், ஒரே நேரத்தில். மகள் முன்னால் வந்தாள். அம்மா நாலடி பின்னால், புத்தகத்தை மார்போடு அணைத்தபடி வந்து மிஸ்ஸின் மேசையில் வைத்தாள்.

"பிடிச்சுதா?" என்று மிஸ் பொதுவாகக் கேட்டார்.

"பிடிக்கல" என்றாள் அம்மா. "அந்த அண்ணனைப் போட்டு எல்லாரும் திட்டுறாங்க. எழுதினவரே திட்டுறாரு."

"அவன் பொய் சொன்னான்மா, திட்டாம என்ன பண்ணுவாங்க?" என்றாள் மகள், மிஸ்ஸைப் பார்த்தபடியே.

"பொய் எங்கடி சொன்னான்? சொல்லாம விட்டான். அது வேற, இது வேற."

"ரெண்டும் ஒண்ணுதான்."

"எப்படி ஒண்ணாகும்? தங்கச்சி நேராக் கேட்டிருந்தா சொல்லியிருப்பான்."

"அவ ஏன் கேக்கணும்? அவனே வந்து சொல்லணும்."

"பயம்டி. தங்கச்சி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் போயிடுவாளோன்னு பயம்."

மகள் முதல் முறையாக அம்மாவின் பக்கம் திரும்பினாள். "எந்தப் பக்கத்துல அப்படிப் போட்டிருக்கு?"

"போடல. ஆனா அப்படித்தான்."

"போடாததை எல்லாம் நீயா சொல்லக் கூடாது. எடு, காட்டு."

மேசையிலிருந்த புத்தகத்தை அவளே மறுபடி எடுத்து அம்மாவின் கையில் திணித்தாள். இருவரும் தலையைக் குனிந்து பக்கங்களைப் புரட்டினார்கள். குரல் ஏறிக்கொண்டே போனது. நாளிதழ் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "உஷ்" என்றார். சத்தம் போடாதீர்கள் என்று சொல்ல வேண்டியது மிஸ்ஸின் வேலை. அவர் கெடுவை இன்னும் இரண்டு வாரம் தள்ளிவைத்து முத்திரை குத்தப் புத்தகத்துக்காகக் கையை நீட்டினார். அவர்கள் கொடுக்கவில்லை.